பத்தே நாளில் சாம்பலான நீராவி ரயில்!

முதலாளி கண்ணை மூடினார். பின்னாலேயே ரயில்வேயும் எரிந்தது

நமது நிருபர்

1973-ம் ஆண்டு ஜனவரி 6-ந்தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மான்டரே என்ற கடலோர ஊர். அங்கே ஜான் ஆலன் என்பவர் மாரடைப்பால் காலமானார். வயது 59. போட்டோ பிடிப்பதில் கை தேர்ந்தவர்.

சரியாக 10-வது நாள் அவருடைய வீட்டில் தீப்பிடித்தது.

வீட்டின் நிலவறையில் ஒரு ரயில்வே இருந்தது. மலை இருந்தது, பள்ளத்தாக்கு இருந்தது, பாலங்கள், ஸ்டேஷன்கள், என்ஜின் ஷெட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. இழுப்பதெல்லாம் நீராவி என்ஜின்கள். டீசலுக்கு அங்கே இடமில்லை. ஏறக்குறைய 20 வருஷம் ஒரு தனி மனிதர் தன் கையால் கட்டியது அது. அதில் பெரும்பகுதி ஒரே நாளில் கரிக்கட்டையாகிவிட்டது.

"பொம்மை ரயில்தானே, போனால் போகட்டும்" என்று நினைக்கிறீர்களா? உலகம் முழுவதும் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் 50 வருஷத்துக்குப் பிறகும் இந்தத் தீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால், அந்த ரயில் எப்படி ஓடியது என்று முதலில் தெரிய வேண்டும்.

87-ல் ஒரு பங்கு!

ஆலன் எடுத்துக்கொண்ட அளவு 87-ல் ஒரு பங்கு. "எச்.ஓ." அளவு என்று இதற்குப் பெயர். நிஜத்தில் உள்ள எதையும் 87-ஆல் வகுத்தால் வருவதுதான் கணக்கு.

அஞ்சரை அடி ஆள் இதில் 2 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. நம்ம ஊர் ஐ.சி.எப். பெட்டி ஒன்று சுமார் 21.3 மீட்டர் நீளம். 87-ஆல் வகுத்தால் 24.5 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்கும் குறைவு.

தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அமெரிக்காவில் ரயில் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம். சென்னையில் மெட்ரோ ரயில் ஓடுகிறதே, அதற்கும் இதே அகலம்தான். அதை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் ரயில், இந்த அளவில் ஒரு வினாடிக்கு 19 சென்டிமீட்டர்தான் போக வேண்டும். புதிதாக வாங்கிய பையன் கையில் கிடைத்தால் ராக்கெட் மாதிரி விடுவான். அனுபவசாலி ஓட்டினால் ஊர்ந்து போகும். ஊர்ந்து போவதுதான் கஷ்டம்.

எடையில்தான் இன்னும் வேடிக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 87 மடங்கு குறைவதால் எடை 6 லட்சத்து 58 ஆயிரம் மடங்கு குறைந்துபோகும். 100 டன் என்ஜின் வெறும் 152 கிராம்! அவ்வளவு லேசான வண்டி, கரண்டை நிறுத்தினால் பட்டென்று நின்றுவிடும். நிஜ என்ஜின் ரெகுலேட்டரை மூடிய பிறகும் கனத்தில் உருண்டு போகுமே, அந்த ஓட்டம் இதில் தானாக வராது. ஓட்டுகிறவர் கை விரலால் வரவழைக்க வேண்டும்.

முதுகுவலி மலை!

ஆலன் தன் ரயில்வேக்கு வைத்த பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். எழுத்தில் பார்த்தால் "கோர் அண்ட் டபெட்டிட்". ஏதோ பிரெஞ்சுக்காரர்கள் பெயர் மாதிரி இருக்கும். வாய்விட்டுப் படித்தால் "கோரி அண்ட் டிபீட்டட்". அதாவது, ரத்தக்களரியாகித் தோற்றுப்போன கம்பெனி!

மலைத்தொடருக்கு "ஏக்கின்பேக்" என்று பெயர். இங்கிலீஷில் முதுகுவலி என்று காதில் விழும். மலையைக் குனிந்து நிமிர்ந்து கட்டியவருக்குத்தானே அந்த வலி தெரியும்! ஒரு ஸ்டேஷனுக்கு "ஹெலன்கான்". அத்துவானக் காடு என்று அர்த்தம் வரும்படி ஒரு சிலேடை.

ஷண்டிங் செய்ய ஒரு டைனோசர் வைத்திருந்தார். பெயர் எம்மா. நம்பர் 13. முதுகில் தகடு தகடாக நிற்குமே, அந்த ஜாதி விலங்கு. வேகன்களை இழுத்து அதது இடத்தில் விடும் வேலை எம்மாவுக்கு. பார்க்க வந்தவர்கள் முதலில் அசந்து போவார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

வேடிக்கை ஒரு பக்கம். வேலையில் மனிதர் சுத்தம். மலைகளைத் தரையிலிருந்து கூரை வரைக்கும் எழுப்பினார். பள்ளத்தாக்கு, பார்க்கிறவர் கால் வரைக்கும் இறங்கியது. அறை போதவில்லை என்று தோன்றிய இடத்தில் கண்ணாடியை வைத்து இடம் இரட்டிப்பாகத் தெரியும்படி செய்தார்.

அந்தக் காலத்தில் மாதிரி ரயில் வைத்திருந்தவர்கள் என்ஜினைப் பளபளவென்று துடைத்து வைப்பார்கள். ஆலன் நேர்மாறு. புத்தம் புது என்ஜினுக்குக் கரி, துரு, எண்ணெய்ப் பிசுக்கு, தண்ணீர் வழிந்த கறை எல்லாம் பூசினார். "நீராவி என்ஜின் அழுக்காகத்தானே இருக்கும்?" என்பது அவர் கட்சி. இன்றைக்கு இதை எல்லோரும் செய்கிறார்கள். பிரபலமாக்கியவர்களில் முதல் வரிசை ஆள் இவர்.

தன் ரயிலைத் தானே படம் பிடித்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வார்னி என்ற மாதிரி ரயில் கம்பெனி, 1950-களில் அந்தப் படங்களைத் தன் விளம்பரத்தில் போட்டது. பார்த்தவர்களுக்கு நிஜ மலையா, பொம்மை மலையா என்று சந்தேகம் வந்தது.

நெருப்பில்லாத நீராவி!

சின்ன என்ஜினுக்குள் கொதிகலன் கிடையாது. உள்ளே ஒரு மோட்டார். அவ்வளவுதான். தண்டவாளம் இரண்டிலும் 12 வோல்ட் வரைக்கும் நேர்மின்சாரம் வரும். சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகும். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். இரண்டு கம்பிகளையும் மாற்றிக் கொடுத்தால் என்ஜின் பின்பக்கம் ஓடும்.

இதில் ஒரு சிக்கல். ஒரே பாதையில் இரண்டு என்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்து கிளம்பிவிடும். அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்தார்கள். எந்தத் துண்டு எந்த டிரைவர் கையில் என்று சுவிட்ச் போட்டுக்கொண்டே போக வேண்டும். மறந்தால், அடுத்தவர் ரயில் உங்கள் ரயில் மேல் மோதும். சண்டையும் வரும்.

1990-களில் டிஜிட்டல் முறை வந்தது. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு சில்லு. அதற்கு ஒரு நம்பர். கட்டளை தண்டவாளம் வழியாகவே போகும். நம்பர் பொருந்தும் என்ஜின் மட்டும் கீழ்ப்படியும். "குப்... குப்..." சத்தமும், விசிலும்கூட என்ஜினுக்குள்ளிருந்தே வருகின்றன. ஆலன் காலத்தில் இந்த வசதி இல்லை. எல்லாம் சுவிட்சும் கம்பியும்தான்.

அன்றும் இன்றும் மாறாத எதிரி ஒன்று உண்டு. தூசி! தண்டவாளத்தில் லேசாக அழுக்குப் படிந்தால் போதும், கரண்ட் தடைபட்டு என்ஜின் திக்கித் திக்கி நிற்கும். பாயிண்டைத் தாண்டும்போது குட்டி என்ஜின்கள் அடிக்கடி படுத்துக்கொள்ளும். ஆகவே ஓட்டுவதற்கு முன்னால் துடைப்பது முதல் வேலை. ஒரு மணி நேரம் ஓட்ட ஒரு மணி நேரம் துடைக்கிற ஆட்களும் உண்டு.

டைம்டேபிள் எஜமான்!

"சரி, வட்டமாகச் சுற்றி வருவதில் என்ன சுவாரசியம்?"

நியாயமான கேள்வி. வட்டமாகச் சுற்றினால் அரை மணியில் சலித்துவிடும். ஆலன் போன்றவர்கள் அப்படி ஓட்டவில்லை. அவர்கள் ஒரு ரயில்வேயை நடத்தினார்கள்.

நண்பர்கள் கூடுவார்கள். ஒருவர் கன்ட்ரோலர். சிலர் டிரைவர்கள். சிலருக்கு யார்டு வேலை. ஒவ்வொரு ரயிலுக்கும் நம்பர் உண்டு, நேரம் உண்டு. எந்த ஸ்டேஷனில் எந்த ரயில் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று டைம்டேபிள் சொல்லும்.

அமெரிக்காவில் நியூஆர்லியன்ஸ் நகரில் பிராங்க் எல்லிசன் என்று ஒருவர் இருந்தார். இந்த வழியை 1940-களிலேயே பத்திரிகையில் எழுதிப் பரப்பியவர். மாதிரி ரயில் ஓட்டுவதை அவர் நாடகத்தோடு ஒப்பிட்டார். தண்டவாளமும் மலையும் மேடை. ரயில்கள் நடிகர்கள். டைம்டேபிள்தான் கதை. கதை இல்லாமல் நடிகர் மேடையில் சுற்றிச் சுற்றி நடந்தால் யார் பார்ப்பார்கள்?

ஆனால் கடிகாரத்தில் ஒரு தகராறு. இந்த அளவில் ஒரு கிலோமீட்டர் என்பது பதினொன்றரை மீட்டர். எந்த வீட்டு நிலவறையிலும் 100 கிலோமீட்டர் போட முடியாது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு அரை நிமிஷத்தில் ரயில் போய்விடும்.

அதற்கும் வழி கண்டார்கள். கடிகாரத்தை முடுக்கிவிட்டார்கள்! 12 மடங்கு வேகத்தில் ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்தால், நமக்கு ஒரு நிமிஷம் ஓடும்போது ரயில்வேக்கு 12 நிமிஷம் ஆகிவிடும். நம்முடைய 2 மணி நேரத்தில் அங்கே ஒரு ராத்திரி, ஒரு பகல் முடிந்துவிடும். 4 மடங்கு, 6 மடங்கு என்று வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

லோக்கல் கூட்ஸ் படும் பாடு!

நீராவிக் காலத்து கூட்ஸ் வண்டி ஒன்றை நீங்களே ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு கட்டு சீட்டு இருக்கும். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு. எங்கே போக வேண்டும், என்ன சரக்கு, யாருக்கு என்று எழுதியிருக்கும். ஆபீசில் பைல் நகர்த்துகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

யார்டை விட்டுக் கிளம்பும் முன் என்ஜினுக்கு நிலக்கரி, தண்ணீர் ஏற்ற வேண்டும். மாதிரி ரயிலில் நிஜமாக ஏற்றுவதில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் இத்தனை நிமிஷம் நின்றே ஆக வேண்டும் என்று சட்டம். நிற்காமல் போனால் மற்றவர்கள் விடமாட்டார்கள்.

மலை ஏற்றம் வரும். ஒரு என்ஜினால் முடியாது. துணை என்ஜின் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேலே போனதும் அதைக் கழற்றி, அது கீழே இறங்கிவரப் பாதையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அதுவரை எதிர் ரயில் காத்துக்கிடக்கும்.

அடுத்த ஸ்டேஷனில் மரக்கடைக்கு 3 வேகன் விட வேண்டும். ஆனால் சைடிங் எதிர்ப்பக்கம் பார்த்து இருக்கிறது. என்ஜின் முன்னால் இருக்கிறது. வேகனைப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். என்ன செய்வது? என்ஜினைக் கழற்றி, லூப் லைன் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, மாட்டி, தள்ளி, மறுபடி கழற்றி...

கடிகாரத்தைப் பார்த்தால் பாசஞ்சர் ரயில் வர இன்னும் 24 நிமிஷம். 12 மடங்குக் கடிகாரத்தில் அது நிஜத்தில் 2 நிமிஷம்! அதற்குள் மெயின் லைனைக் காலி செய்யாவிட்டால், பாசஞ்சர் வெளியே சிக்னலில் நிற்கும். கன்ட்ரோலர் சத்தம் போடுவார். வியர்த்துக் கொட்டும்.

கடைசி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால் ஓய்வா? இல்லை. நீராவி என்ஜினைப் புகைபோக்கி முன்னால் இருக்கும்படி திருப்ப வேண்டும். டர்ன்டேபிளில் ஏற்றிச் சுற்றவிட வேண்டும். சாம்பல் குழியில் நிறுத்த வேண்டும். பிறகுதான் திரும்புகிற வண்டியில் மாட்டலாம். டீசலிலும் மின்சாரத்திலும் இந்த வேலை பெரும்பாலும் இல்லை. நீராவிக் காலத்து ரயிலை இன்றைக்கும் விரும்பி ஓட்டுகிறவர்கள், இந்தப் பாட்டுக்காகத்தான் விரும்புகிறார்கள்.

5 பாயிண்ட் புதிர்!

ஷண்டிங் வேலையையே ஆலன் ஒரு போட்டியாக்கினார். "டைம்சேவர்" என்று பெயர். 1972-ல் பத்திரிகையில் வந்தது.

ஒரு பலகை. அதில் கொஞ்சம் தண்டவாளம், 5 பாயிண்ட், சில சைடிங்குகள், நடுவில் ஒரு லூப். சீட்டில் சொன்னபடி வேகன்களை அந்தந்த இடத்தில் கொண்டு விட வேண்டும். குறைந்த நேரத்தில் முடிப்பவர் ஜெயித்தார்.

பார்த்தால் சுலபம். செய்து பார்த்தால் தெரியும். ஒரு வேகனை எடுக்க இன்னொன்று குறுக்கே நிற்கும். அதை நகர்த்தினால் லூப் அடைபடும். குறுகலான சந்தில் மூன்று தள்ளுவண்டி எதிரும் புதிருமாக மாட்டிக்கொண்டால் என்ன கதியோ அதுதான். இன்றும் உலகம் பூராவும் கண்காட்சிகளில் இந்தப் புதிரை வைக்கிறார்கள். இடமில்லாத வீட்டில் சுவர் ஓரத்துப் பலகையிலேயே போட்டு விளையாடலாம்.

மகனுக்குப் பதில் மெஷின்!

இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்று ஒரு பாதிரியார் இருந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு "பக்கிங்ஹாம்" என்ற மாதிரி ரயிலைத் தொடங்கினார். அங்கே எப்போதும் 1907-ம் ஆண்டுதான். அந்த ஆண்டு எப்படிப்பட்ட என்ஜின், பெட்டி, உடுப்பு இருந்ததோ அதுதான் இருக்கும்.

ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மணி அடித்துத்தான் ரயிலை அனுப்புவார்கள். இத்தனை மணி அடித்தால் எக்ஸ்பிரஸ், இத்தனை அடித்தால் கூட்ஸ் என்று சங்கேதம். பாதை காலி என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் மணி வந்தால்தான் ரயில் நகரும். நிஜ ரயில்வேயில் இருந்த அதே முறை.

இந்த மணிக்குப் பதில் மணி அடிக்க இன்னொரு ஆள் வேண்டுமே! டென்னியின் மகன் கிறிஸ்பின் அந்த வேலையைச் செய்துவந்தார். மகன் இல்லாத நேரத்தில் என்ன செய்வது? பாதிரியார் தானே ஒரு மெஷின் செய்துவிட்டார். மணி அடித்தால் அது பதில் மணி அடிக்கும். ரயிலை வாங்கும், அனுப்பும். "ஆட்டோமேட்டிக் கிறிஸ்பின்" என்று அதற்கு மகன் பெயரையே வைத்தார்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் விஷயம் என்னவென்றால், இந்த விளையாட்டைத் தனி ஆளாக ஆட முடியாது. கூட ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஆள் மாதிரி ஒன்றைச் செய்தாவது ஆக வேண்டும்.

கம்ப்யூட்டர் பையன்கள் இங்கிருந்து!

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே 1946-ல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். தண்டவாளத்துக்கு மேலே மலையும் ஊரும் செய்கிறவர்கள் ஒரு கோஷ்டி. தண்டவாளத்துக்குக் கீழே கம்பியும் டெலிபோன் ரிலேயும் மாட்டுகிறவர்கள் இன்னொரு கோஷ்டி.

அடியில் படுத்துக் கம்பி மாட்டிய அந்தப் பையன்கள்தான் 1950-களின் கடைசியில் கல்லூரிக் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். ஒரு வேலையைச் சாமர்த்தியமாக முடிப்பதற்கு "ஹேக்" என்று இந்தச் சங்கத்தில் சொல்லுவார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் புழங்கும் "ஹேக்கர்" என்ற வார்த்தை கம்ப்யூட்டர் உலகத்துக்குள் போனது அந்த வழியாகத்தான். 1962-ல் வந்த "ஸ்பேஸ்வார்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை எழுதியவர்களிலும் இந்தச் சங்கத்துப் பிள்ளைகள் உண்டு.

பொம்மை ரயில் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

வெளியே பழைய இரும்பு!

ஆலன் நிலவறையில் நீராவி என்ஜின்களை ஓட்டிக்கொண்டிருந்தபோது வெளியே என்ன நடந்தது தெரியுமா? நிஜ நீராவி என்ஜின்களை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் 1960-ஐ ஒட்டி பெரிய ரயில்வேக்களில் நீராவி முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் 1968 ஆகஸ்டோடு சரி. நம் நாட்டில் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972-ல் நீராவி என்ஜின் கட்டுவதை நிறுத்தியது. அகலப்பாதையில் வாடிக்கையான நீராவி ரயில் 1995 டிசம்பரோடு நின்றது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் மலை ரயிலைத் தள்ளும் என்ஜின் மாதிரி அங்கொன்று இங்கொன்றுதான் மிச்சம்.

என்ஜின் போனால் போகட்டும். அருங்காட்சியகத்தில் ஒன்றை நிறுத்திவைக்கலாம். ஆனால் அதை ஓட்டிய முறை? எந்த இடத்தில் தண்ணீர், எந்த ஏற்றத்தில் துணை என்ஜின், எத்தனை மணி அடித்தால் என்ன அர்த்தம், கூட்ஸை எப்படி ஒதுக்கிப் பாசஞ்சருக்கு வழி விடுவது? அது என்ஜினில் இல்லை. வேலை செய்த மனிதர்களின் தலைக்குள் இருந்தது. நின்றுபோன என்ஜினைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள முடியாது. நீராவிக் காலத்து மாதிரி ரயிலை டைம்டேபிள் போட்டு ஓட்டுகிற இடத்தில்தான் அந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் மான்டரே தீ அத்தனை பெரிய இழப்பு.

தப்பித்த ரயில்கள்!

எல்லா ரயிலுக்கும் ஆலனின் கதி வரவில்லை.

லண்டனில் ஜான் அஹெர்ன் என்ற இன்சூரன்ஸ் புரோக்கர் "மேடர் வேலி" என்று ஒரு மாதிரி ரயிலைக் கட்டினார். வேலைகளை 1930-களிலேயே ஆரம்பித்தவர். 1961-ல் காலமானார். அவருடைய ரயில் வீணாகவில்லை. ஆக்ஸ்போர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பத்திரமாக இருக்கிறது.

அந்த அருங்காட்சியகம் பிறந்த கதையும் இதே மாதிரிதான். ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர், இங்கிலாந்துக்கு வந்த இடத்தில் பழைய கூரை வீடுகள் கண்ணெதிரே மறைவதைப் பார்த்தார். அளவு எடுத்தார். அச்சு அசலாகச் சின்னதாகச் செய்து வைக்கத் தொடங்கினார். 1954-ல் பெண்டன் உருவானது. 1920, 1930-களின் கிராமமும் ரயிலும் அங்கே அப்படியே இருக்கின்றன. ரயில்களைப் பார்வையாளர்கள் முன்னால் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

பாதிரியார் டென்னி 2009-ல் காலமானார். அவருடைய பக்கிங்ஹாம் ரயிலை இன்னொரு ஆர்வலர் எடுத்துவைத்து ஓட்டினார். மெஷினோடு சேர்த்துத்தான்!

ஆலன் விஷயத்தில் தப்பித்தது என்ன? படங்கள். அவர் எடுத்த படங்களும், பத்திரிகைக்கு எழுதியவையும் வெளியே போயிருந்ததால் பிழைத்தன. "மாடல் ரெயில்ரோடர்" பத்திரிகையின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் அவற்றையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் எழுதினார். 1981-ல் வெளிவந்தது. அந்தப் புத்தகத்தைப் பார்த்து ரயில் கட்டியவர்கள் ஏராளம். வீட்டுக்குள் வைத்திருந்தது எரிந்தது. ஊருக்குக் கொடுத்தது நின்றது.

மெயின் சுவிட்சைப் பாருங்கள்!

மாதிரி ரயில் பலகைக்கு அடியில் எட்டிப் பார்த்தால் தீயணைப்புக்காரருக்குத் தூக்கம் வராது. கட்டை, அட்டை, பஞ்சு, காய்ந்த செடி, பெயிண்ட். அதற்கு நடுவே நூற்றுக்கணக்கில் கம்பி. போதாததற்குப் பற்றவைக்கும் சால்டரிங் கருவி. குளிர் நாடு என்றால் அறையில் ஹீட்டர் வேறு.

ஆகவே அனுபவஸ்தர்கள் சில விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள்:

அறைக்கு மொத்தமாக ஒரே மெயின் சுவிட்ச். வெளியே வரும்போது அதை அணைக்காமல் கதவைச் சாத்தக்கூடாது. சுவிட்சில் ஒரு சிவப்பு விளக்கு இருந்தால் மறக்காது.

கம்பிக்கு கம்பி நிறம். எது எங்கே போகிறது என்று ஒரு நோட்டு. கட்டியவர் இல்லாவிட்டாலும் அடுத்தவர் அந்த நோட்டைப் பார்த்து ஓட்ட முடிய வேண்டும்.

தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில். மின்சாரத் தீக்கு ஏற்றதாகப் பார்த்து வாங்க வேண்டும். தண்ணீரை ஊற்றக் கூடாது.

படம் எடுத்து, டைம்டேபிளோடு சேர்த்து, வேறு ஒரு வீட்டில் ஒரு பிரதி.

கடைசியாக, நான் இல்லாமல் போனால் இது யாருக்கு என்று உயிரோடு இருக்கும்போதே எழுதி வைப்பது. ஆலன் போன 10-வது நாளில் தீ வந்தது. யோசிப்பதற்கு அவருடைய நண்பர்களுக்கு அந்தப் 10 நாள்தான் கிடைத்தது.

இது ரயில் பிரியர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 30 வருஷக் கணக்கைத் தன் மனதிலேயே வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர் நம் தெருவிலேயே இருக்கிறார். எந்த பைல் எந்த பீரோவில் என்று அவர் ஒருவருக்கே தெரிந்த ஹெட்கிளார்க் எல்லா ஆபீசிலும் இருக்கிறார். பத்திரமும் ரசீதும் ஒரே டிரங்குப் பெட்டியில் இருக்கிற வீடுகளும் உண்டு.

அவர்கள் இன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து எழுதத் தொடங்கினால் நல்லது. எழுதி முடித்துப் படுக்கப் போகும்போது மெயின் சுவிட்சையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.